இரண்டு பேருக்கும் ஒரே மார்க்கு

அத்தியாயம் ஒன்பது

சௌந்திரத்தை அழுத கண்ணோடு ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டேன் என்று வாசகிகள் சிலருக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். அந்தப் பெண் அரை நாழிகைக்கு மேல் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்தவர்கள் நீங்கள்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே, மஞ்சள் காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய வீடு. அண்ணன் சின்னுசாமிக் கவுண்டரும் தம்பி ராசப்பனும் தங்கள் குடும்பங்களோடு அதில் ஒன்றாக இருக்கிறார்கள். அண்ணன் மகன் அர்த்தநாரி. தம்பி மகள் சௌந்திரம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ராசிபுரம் ஹைஸ்கூலுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்து, ஒரே விளக்கில் படித்து, இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யும் ஒன்றாகவே பாஸ் பண்ணினார்கள்.

சேலத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஜூபிலி காலேஜில் இண்டர்மீடியட் சேர வேண்டும் என்பது சௌந்திரத்தின் ஆசை. ஆசை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது பசி. பெரியம்மா காளியாத்தாள் நன்றாக யோசித்து, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். இருவரும் சேலத்து அத்தை வீட்டில் தங்க வேண்டும். காலேஜுக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வர வேண்டும். அர்த்தநாரிக்கு இடம் இல்லையென்றால் சௌந்திரமும் போகக் கூடாது.

அதற்கப்புறம்தான் காலேஜிலிருந்து அச்சடித்த காகிதம் வந்து சேர்ந்தது. மொத்த மார்க்கை அவர்கள் பார்ப்பதே இல்லையாம். சரித்திர குரூப்பில் சேருகிறவர்களுக்கு இங்கிலீஷ் மார்க்கை இரண்டு தரம் போட்டு, அதோடு சரித்திரத்தையும் கணக்கையும் கூட்டி, நாலால் வகுப்பார்களாம். வருவது ஐம்பத்தைந்துக்குக் குறையக் கூடாதாம். தமிழ் மார்க்கு எங்கே என்று கேட்டால் அது இந்தச் சபையிலேயே இல்லை.

சௌந்திரத்துக்கு அறுபத்தைந்தரை வந்தது. அர்த்தநாரிக்கு ஐம்பதரை. அவன் இங்கிலீஷில் வாங்கியது நாற்பத்தொன்று. அதை இரண்டு தரம் போட்டால் என்ன ஆகும்? பள்ளம்தான் இரண்டு மடங்கு ஆகும்.

அவன் போக முடியாது என்றால் அவளும் போக முடியாது. அங்கேதான் அவள் அழுதாள். நானும் அங்கேதான் நிறுத்தினேன்.

*

மறுநாள் விடிந்ததும், வாயில் வேப்பங்குச்சியோடு கிணற்றடியிலிருந்து வந்த சின்னுசாமி, குச்சியைத் தூர எறிந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ராசு! மேல்சட்டையைப் போடு. புள்ளைகளா, கெளம்புங்க. சேலம் போலாம்."

"சேலத்துக்கு எதுக்குங்க அண்ணா?" என்றார் ராசப்பன்.

"மார்க்கைக் கலக்கறதுக்கு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சௌந்திரத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்மிணி, உனக்கு எத்தனை?"

"அறுவத்தஞ்சரைங்க பெரியப்பா."

"ஐம்பத்தஞ்சு இருந்தாப் போதும்னு அவங்களே போட்டிருக்காங்க. மிச்சம் பத்தரை சும்மாத்தானே கெடக்குது? உன்றதையும் அவன்றதையும் ஒண்ணாக் கொட்டி, நெரவி, ஆளுக்குப் பாதி போடு. எத்தனை வருது?"

சௌந்திரம் மனசுக்குள் கூட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஆளுக்கு ஐம்பத்தெட்டு வருதுங்க."

"மூணு எச்சாவே இருக்குதே! இதுக்குப் போய் நேத்து ஊட்டையே எழவு ஊடாட்ட ஆக்கிப் போட்டீங்க!"

"காலேஜ்ல இதையெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்றான் அர்த்தநாரி.

"ஒத்துக்க மாட்டாங்கன்னு உங்கிட்ட வந்து சொன்னாங்களா? கேட்டுப் போட்டு வரலாம், வா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு மாசம் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கும் அது சரியான யோசனையாகத்தான் தோன்றியிருக்கும். கிழக்குக் காடு அண்ணன் பார்ப்பது. மேற்குக் காடு தம்பி பார்ப்பது. இரண்டு காட்டு மஞ்சளும் ஒரே கொப்பரையில்தான் வேகும். எந்தக் கிழங்கு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. தீபாவளிக்கு ஒரே பீஸ் துணியில் அர்த்தநாரிக்குச் சட்டையும் சௌந்திரத்துக்குப் பாவாடையும் தைப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கேலி செய்தால் செய்துகொள்ளட்டும். சௌந்திரத்துக்குக் காய்ச்சல் வந்து கஷாயம் வைத்தால் அர்த்தநாரிக்கும் அதில் ஒரு பாலாடை உண்டு. அவன் என்ன கத்தினாலும் விட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தைக்கு மார்க்கு மிச்சமாகவும் இன்னொன்றுக்குக் குறைச்சலாகவும் இருந்தால் சின்னுசாமிக்கு எப்படிப் பொறுக்கும்?

நடக்காது என்று சௌந்திரத்துக்குத் தெரியும். தெரிந்தும், சடை பின்னும்போது அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை நடந்துவிட்டால்? பெரியப்பா பேசினால் கல்லும் கொஞ்சம் தலையாட்டும். பின்னலை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள்.

காளியாத்தாள் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தையும் புளிச்சோற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

"பெரிய வாத்தியாருகிட்ட மரியாதையாப் பேசுங்க. கோவம் வந்தா வெளிய வந்து கோவிச்சுக்குங்க" என்று புருஷனுக்குச் சொன்னாள்.

*

சேலம் பஸ் ராசிபுரம் தாண்டுவதற்குள் சின்னுசாமியின் திட்டம் பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"அதெப்படிங்க?" என்றார் பட்டு நூல் மூட்டையை மடியில் வைத்திருந்த ஒருவர். "அவங்கவங்க பரிச்சை. அவங்கவங்க மார்க்கு."

"எங்க ஊட்ல அவங்கவங்களுதுன்னு ஒண்ணும் கெடையாதுங்க."

"அப்படிப் பாத்தா ஊருக்கே ஒரு மார்க்குப் போட்டறலாமே!"

"போட்டா என்னங்கறேன்?" என்று பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மேட்டூரில் அணை கட்டின காலத்தில் வேலை பார்த்தவராம். "அணை கட்டி நாலு வருஷம் ஆச்சு. மழை பேஞ்ச ஊர்த் தண்ணியைத் தேக்கி, பேயாத ஊருக்கு உடறாங்களா இல்லையா? கவர்மெண்டே கலக்குது. காலேஜ் கலக்கினா என்ன?"

பஸ் இரண்டு கட்சியாகிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு மத்தியஸ்தம் பண்ணினான். கூடையில் கோழியோடு ஏறின ஒரு அம்மாள் மட்டும் கட்சி எதிலும் சேராமல் சௌந்திரத்தின் கன்னத்தைத் தொட்டு, "உனக்கு எச்சாவா வந்திருக்குது? நல்லாயிரு சாமி" என்றாள். சௌந்திரம் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நேற்று முதல் எல்லோரும் அர்த்தநாரிக்கு எத்தனை குறைகிறது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மிச்சம் வந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அந்தக் கோழிக்கார அம்மாள்தான்.

அர்த்தநாரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கலியாணத்துக்கு அழைத்துப் போகும் மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை வெட்கம் இருக்காது.

"அண்ணா, கோவமா?" என்று சௌந்திரம் மெல்லக் கேட்டாள்.

"உம்மேல எதுக்குக் கோவம்? எனக்கு அந்தச் சரித்திரமே புடிக்கல" என்றான் அவன்.

*

பிரின்ஸிபால் பாலசுந்தரம் ராசிபுரத்துக்காரர். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, சென்னைப் பட்டணம் போய்ப் படித்துத் திரும்பியவர். தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு, பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் குமாஸ்தா குமாரசாமி. நாற்காலிகள் இருந்தும் ராசப்பன் கதவோரமாக நின்றுகொண்டார். அண்ணன் பேசும் இடத்தில் அவர் எப்போதும் கதவோரம்தான்.

சின்னுசாமி உட்கார்ந்தார். சொன்னார். கொட்டுவது, நிரவுவது, பாதி பாதியாகப் போடுவது, எல்லாவற்றையும் கையால் காட்டியே சொல்லி முடித்தார்.

குமாரசாமி பேனாவைக் கீழே வைத்தார். பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க, கவுண்டரே. மார்க்கை ஏத்திப் போடுன்னு கேட்டு வந்தவங்க நெறயப் பேர் உண்டு. மார்க்கைப் பகிர்ந்து போடுன்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"கோவமெல்லாம் இல்லீங்க. போட்டுக் குடுத்தீங்கன்னாச் செரி."

"முடியாதுங்களே. பரிச்சை எழுதினது தனித்தனி ஆளு."

"எழுதினது தனித்தனிங்க. படிச்சது?" சின்னுசாமி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "தெனமும் ராத்திரி சோத்துக்கு முந்தி, அவ அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பா. அவன் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பான். அவன் வாங்கின இங்கிலீஷ் மார்க்குல பாதி அவளுது. அவ வாங்கின கணக்கு மார்க்குல பாதி அவனுது. இதுல எது யாரு மார்க்குன்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்."

பிரின்ஸிபால் சிரிப்பதை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அர்த்தநாரியைப் பார்த்தார்.

"தங்கச்சிக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது நீயா?"

"ஆமாங்க சார்."

"உனக்குக் கணக்கிலே எத்தனை?"

"எழுபத்திமூணுங்க."

"எழுபத்திமூணை வச்சுக்கிட்டு எதுக்குப்பா சரித்திர குரூப்புக்கு எழுதிப் போட்டே?"

அர்த்தநாரி தரையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். சின்னுசாமி மீசையைத் தடவினார்.

"அது நாந்தானுங்க" என்றார். "எங்க ஊர் வாத்தியாரு மொதல்ல புள்ளைக்கு மனு எழுதினாரு. பையனுக்கு என்ன போடட்டும்னு கேட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியே போடுங்கன்னுட்டேன். எங்க ஊட்ல எப்பவும் அப்படித்தானுங்க."

சட்டைத் துணி எடுத்த மாதிரி!

பிரின்ஸிபால் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காலேஜில் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. யார் என்ன படிக்கப் போகிறார்களோ, அதற்கு எது முக்கியமோ, அந்தப் பாடத்தைத்தான் இரண்டு தரம் போடுவார்கள். சரித்திர குரூப்பில் நாள் முழுக்க இங்கிலீஷ் புத்தகங்களோடு மல்லுக்கட்ட வேண்டும்; ஆகவே இங்கிலீஷ் இரண்டு தரம். கணக்கு குரூப்பில் கணக்குத்தான் இரண்டு தரம். இங்கிலீஷும் சயன்ஸும் ஒவ்வொரு தரம். வீட்டுக்கு வந்த காகிதம் எழுதிப் போட்ட குரூப்புக்கு உரிய காகிதம் மட்டுமே.

"குமாரசாமி, இவனுக்குக் கணக்கு குரூப்புக்குப் போட்டுப் பாருங்க."

குமாரசாமி போட்டார். கணக்கு எழுபத்துமூன்று இரண்டு தரம். இங்கிலீஷ் நாற்பத்தொன்று. சயன்ஸ் ஐம்பத்தேழு. கூட்டி நாலால் வகுத்தார்.

"அறுபத்தொண்ணு வருதுங்க சார். தாராளமா எடம் உண்டு."

அர்த்தநாரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலரை மார்க்குக்காக ஊர் சிரிக்கப் பஸ்ஸில் வந்தவன் இப்போது ஆறு மார்க்கு மிச்சத்தோடு நின்றான். சௌந்திரம் தன்னை மறந்து அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அறுவத்தொண்ணா!" சின்னுசாமி மேஜையைத் தட்டினார். "அப்பப் புள்ளையையும் அதுலயே போட்டிருங்க. ரெண்டும் ஒண்ணாவே படிக்கட்டும்."

குமாரசாமி அதையும் போட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஐம்பத்திநாலே முக்கால் வருதுங்க. கால் மார்க்கு கொறையுது."

"கால் மார்க்குத்தானே? அவங்கிட்டத்தான் ஆறு எச்சா இருக்குதே, அதுல இருந்து ஒரு கால்..."

"கவுண்டரே," பிரின்ஸிபால் இரண்டு கையையும் தூக்கினார், "மறுபடியும் கலக்காதீங்க! பொண்ணு சரித்திரத்திலே நல்லா இருக்குது. பையன் கணக்கிலே நல்லா இருக்கான். ரெண்டு பேரையும் பிரிச்சுப் போட்டா ரெண்டு பேருக்கும் எடம் இருக்குது. நீங்க சரின்னா இப்பவே பிரிச்சுப் போட்டுடலாம்."

சின்னுசாமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

பிரிப்பது என்ற அந்த வார்த்தையைப் பிரின்ஸிபால் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? சின்னுசாமியின் பங்காளி வீட்டில் பாகம் பிரித்தபோது சமையலறைக்கு நடுவிலேயே சுவர் வைத்தார்கள். அங்கே அண்ணன் வீட்டில் இழவு விழுந்தபோது தம்பி வீட்டில் பணியாரம் சுட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்குச் சின்னுசாமி வீட்டில் இடம் கிடையாது. மூட்டைக் கயிற்றைக்கூட அங்கே பிரிக்க மாட்டார்கள், அவிழ்ப்பார்கள்.

அவர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாமுங்க. ஒண்ணா வந்தோம். ஒண்ணாவே ஊட்டுக்குப் போறோம். புள்ளைகளா, வாங்க."

சௌந்திரம் நகரவில்லை. காலேஜில் இடம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது, அண்ணனுக்கும் இருக்கிறது. ஒரு வார்த்தை குறுக்கே நிற்கிறது. பெரியப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்குப் பழக்கமில்லை. அந்த வீட்டில் யாருக்குமே பழக்கமில்லை. மேஜை விளிம்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, பிரிச்சே போடச் சொல்லுங்க."

கதவோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். ராசப்பனுடையது.

சின்னுசாமி திரும்பினார். "என்ன சொன்னே?"

ராசப்பனின் முகம் வேர்த்திருந்தது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"பிரிச்சுப் போடச் சொன்னேனுங்க. என்ற மக அழுதா, அண்ணா. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். அண்ணன் பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன். நீங்களும் பாத்தீங்க. அவளுக்காக மார்க்கைக் கலக்கோணும்னு பஸ் ஏறி இத்தனை தூரம் வந்தீங்க. வேற யாரு வருவா? ஆனா இதுக்கு மேல உங்க வாயில அந்த வார்த்தை வராதுங்க. அதுனால நாஞ் சொல்லறேன்."

"ராசு..."

"நாம ரெண்டு பேரும் ஒரே காட்டுலயா ஏர் ஓட்டறோம்? நீங்க கெழக்கால போறீங்க. நான் மேக்கால போறேன். பொழுதுக்கும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்கறதில்ல. அதுக்குன்னு நாம பிரிஞ்சா போயிட்டோம்?"

இத்தனை வார்த்தைகள் அவர் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. சௌந்திரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

சின்னுசாமி தம்பியை மேலும் கீழும் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மீசைக்குக் கீழே எதையோ அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை, சிரிப்பாகவே வந்துவிட்டது.

"ஏண்டா, உனக்கு இவ்வளவு பேச வருமா? இத்தனை நாளா என்னைய ஒருத்தனையே கத்த உட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தியா?"

பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். ஒரு தரம் வாயைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்தார்.

"பிரிச்சே போடுங்க, சாமி."

ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையை மட்டும்தான் துடைத்தார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சௌந்திரத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். பிரின்ஸிபால் எழுந்து வந்து அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

"உனக்குக் கணக்குத்தான் புடிக்கும்னு முன்னாடியே சொல்லறதுக்கு என்னடா?" என்றார் சின்னுசாமி மகனைப் பார்த்து.

"நீங்க கேக்கலீங்களே அப்பா."

அவர் மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

*

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் குமாரசாமி இன்னொன்று சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வகுப்பு நேரத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்று சொன்னார்.

"பொண்ணுக்கு மத்தியானத்தோட வகுப்பு முடிஞ்சிரும். பையனுக்கு லாபரட்டரி இருக்குதுங்க. அவன் வெளிய வர சாயங்காலம் ஆயிடும்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா வர முடியாதுங்களா?" என்றார் சின்னுசாமி.

"வாரத்துல ஒரு நா ரெண்டு நா வேணா வரலாம். மத்தபடி முடியாதுங்க."

ராசப்பன் அண்ணனைப் பார்த்தார். அர்த்தநாரி அப்பாவைப் பார்த்தான். காளியாத்தாளின் நிபந்தனை எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. கைக்கு எட்டியது இப்போது நழுவுகிறதே என்று சௌந்திரம் மறுபடியும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னுசாமி வராந்தாவுக்கு வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். காலேஜ் வாசலிலிருந்து அத்தை வீட்டுத் தெரு வரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜட்கா ஒன்று போயிற்று. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நடந்து போனாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மட்டும்தான் பார்த்தார்.

"அம்மிணி, இங்க வா."

சௌந்திரம் போனாள். வழக்கம்போல் அர்த்தநாரியும் கூடவே வந்தான்.

"உன்னைக் கூப்பிடல. நீ அங்கயே நில்லு" என்றார் சின்னுசாமி. பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நீ தனியாப் போய்த் தனியா வந்துக்குவியா, சாமி?"

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கேள்வியும் அவளுக்கு மட்டும் என்று வந்ததில்லை. புள்ளைகளா, சாப்பிட்டீங்களா? புள்ளைகளா, படிச்சீங்களா? எப்போதும் இருவருக்கும் சேர்த்துத்தான். அவள் பாதிக்குத்தான் பதில் சொல்லிப் பழக்கம்.

"வந்துக்குவேனுங்க பெரியப்பா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

சின்னுசாமி அவள் தலையில் கை வைத்தார்.

"அப்ப எனக்குச் செரி. ஆனாக்க உன்ற பெரியம்மாகிட்ட நாஞ் சொல்ல மாட்டேன்."

"நானும் மாட்டேனுங்க" என்றார் ராசப்பன் அவசரமாக. "இந்த வருஷத்துக்குப் பேச வேண்டியதை நான் பேசிட்டேன்."

*

பொழுது சாய்ந்து, பஸ் நாமகிரிப்பேட்டையில் நின்றபோது காளியாத்தாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்துவிட்டாள். ஜன்னலில் சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்ததுமே செய்தி இன்னதென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"கெடச்சுதா?"

"ரெண்டு பேருக்கும் கெடச்சுதுங்க பெரியம்மா!"

இறங்கின இடத்திலேயே இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நெட்டி முறித்தாள். மடியிலிருந்து கச்சாயத்தை எடுத்து ஆளுக்கு ஒன்றாக வாயில் திணித்தாள். கண்டக்டருக்கும் ஒன்று கிடைத்தது.

"மார்க்கைக் கலக்கிட்டாங்களா?"

"அது பெரிய கதை" என்றார் சின்னுசாமி.

"கதை பொறவு கேக்கறேன். புள்ளைக ஒரே வகுப்புத்தானே? ஒண்ணாப் போய் ஒண்ணாத்தானே வருவாங்க?"

சின்னுசாமி குனிந்து பஸ்ஸின் டயரை ஆராய்ந்தார். ராசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து, மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். அர்த்தநாரிக்கு வாய் நிறையக் கச்சாயம்.

காளியாத்தாள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கண் கடைசியில் சௌந்திரத்தின் மேல் வந்து நின்றது.

சௌந்திரம் வாயில் இருந்ததை விழுங்கினாள். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரையும் விட்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

"வாங்க பெரியம்மா. அதை நானே சொல்லறேன்."